கிடைக்கும் முன்பே வைத்த ஸ்தோத்திரக் கூட்டம்

விரலெல்லாம் புதினா வாசனை. காலையிலிருந்து கட்டுக்கட்டாக ஆய்ந்துகொண்டிருந்தேன். அதே விரலால்தான் இதை எழுதுகிறேன். ஆமாம், நானேதான் எழுதுகிறேன். கைநாட்டு வைத்தே கிழவனானவன், உன் புருஷன். சபையில் சாயங்காலம் பெண்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் வகுப்பில் நானும் போய் உட்கார்ந்தேன். "தாத்தா, டிபன் பாக்ஸ் எங்க?" என்று சிரித்தார்கள். அவர்களைவிடச் சத்தமாக நான் சிரித்தேன். இப்போது பைபிளில் சங்கீதத்தை நானே வாசிக்கிறேன். நான் ஒரு வரி முடிப்பதற்குள் நீ ஓர் அதிகாரம் முடித்திருப்பாய். இருக்கட்டும். வேர்க்கடலையை ஒவ்வொன்றாக உரித்துத் தின்கிற ருசி இதில் இருக்கிறது.

நீ போய் ஒரு வருஷம். இன்று நம் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம்.

நம் வல்லம் பக்கத்தில் இந்தக் கூட்டத்தை எப்போது வைப்பார்கள்? கம்பெனியில் வேலை நிரந்தரமானால், ஆபரேஷன் நல்லபடி முடிந்தால், குழந்தை பிறந்தால். கேட்டது கிடைத்த பிறகு பாய் விரித்து, பாட்டுப் பாடி, கர்த்தர் செய்ததை எழுந்து நின்று சாட்சி சொல்லி, பிரியாணி போடுவார்கள். நீ என்ன செய்தாய்? சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன, இனி டயாலிசிஸ்தான் என்று டாக்டர் சொன்ன சில நாளிலேயே பாயை விரித்துவிட்டாய்.

பாஸ்டரே தயங்கினார். "அம்மா, சொகம் கெடைச்ச பெறகு வெச்சுக்கலாமே?"

"கெடைச்ச பெறகு நன்றி சொன்னா அது ரசீதுதான், ஐயா. காப்பாத்துவார்னு நம்புறவ இப்பவே சொல்லணும்" என்றாய்.

இருங்காட்டுக்கோட்டைக்கு ஷிஃப்ட் வேன் ஓட்டும் உன் தம்பி, வாசலில் நின்றபடியே கத்தினான். "அக்கா, உனக்கு இன்னா பைத்தியமா? ஊசி குத்தின எடத்துல பஞ்சுகூட இன்னும் எடுக்கல. அதுக்குள்ள விருந்து போடுற!"

"பைத்தியந்தான்டா. லெக் பீஸ் வேணுமா, வேணாவா?"

சிரித்துக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தான். நீ வீங்கிய காலோடு எழுந்து நின்று சாட்சி சொன்னாய். உன் குரல் நடுங்கவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் இறக்கினோம். மண் போட்ட கையைக்கூடக் கழுவாமல் உன் தம்பி கேட்டான். "கூட்டம் போட்டீங்களே மாமா, இன்னா ஆச்சு?"

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். நான் குனிந்து இன்னொரு பிடி மண் அள்ளிப் போட்டேன். அன்றோடு அவன் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

போன வாரம் பாஸ்டர் வந்தார். ஞாயிறு ஆராதனையில் நினைவு ஜெபக் கூட்டம் என்று அறிவிக்கட்டுமா என்று கேட்டார். ஸ்தோத்திரக் கூட்டம் என்றே அறிவிக்கச் சொன்னேன்.

"ஜனங்க ஒரு மாதிரி பேசுவாங்களே, பெரியவரே."

"பேசட்டும் ஐயா. அவ இருந்தப்பவும் பேசத்தான் செஞ்சாங்க."

அறிவிப்பைக் கேள்விப்பட்டு உன் தம்பி வந்தான். வேனை அணைக்கக்கூட இல்லை. "இன்னா மாமா, எங்கக்கா செத்ததுக்கா ஸ்தோத்திரம்? வெக்கமா இல்ல?"

"உக்காருடா."

"உக்கார வரல. அவ கேட்டது கெடைச்சுதா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

"கெடைக்கல" என்றேன்.

அவன் அதை எதிர்பார்க்கவில்லை. நான் விடவில்லை. "நானும்தான் அழுது கேட்டேன். கெடைக்கல. உங்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். ஆனா குழியில போட்டதோட எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு எவன்டா சொன்னான்? கல்லறையிலேர்ந்து வெளிய வந்தவர நம்புற கூட்டம்டா நாம. உங்கக்காளையும் எழுப்புவார். அதுக்குத்தான் இப்பவே பாய் விரிக்கிறேன்."

"நீயும் அவள மாதிரியே ஆயிட்ட" என்றான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஹாரனை அடித்தபடி போய்விட்டான். நீ போன பிறகு என்னைப் பற்றி ஒருவர் சொன்னதில் இதைவிட நல்ல வார்த்தை இல்லை.

இதை எழுதும்போதே வெளியே வேன் சத்தம். எட்டிப் பார்த்தேன். சபை நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு வந்து இறக்குகிறான். "சாட்சி கீட்சி எல்லாம் சொல்ல மாட்டேன் மாமா. சேர் மட்டும்தான்" என்கிறான். முகம் இன்னும் கடுகடுவென்றுதான் இருக்கிறது. அவன் நாற்காலி போடட்டும். மற்றதைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்.

சாயங்காலம் நான் எழுந்து நிற்பேன். சங்கீதம் வாசிப்பேன், திக்கித் திக்கித்தான் வரும், காத்திருந்து கேட்கட்டும். பிறகு, கர்த்தர் உன்னை உயிரோடு எழுப்பப்போவதற்காக இன்றைக்கே ஸ்தோத்திரம் சொல்வேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். உன்னோடு எதை எதையோ மண்ணில் போட்டுவிட்டு வந்தேன். உன் துணிச்சலை மட்டும் போடவில்லை. அது என்னிடம்தான் இருக்கிறது.