டிவியின் நடுவில் ஒரு வளைவு

ஜூன் 3
காலை ஷிப்ட். டிப்போவில் கழுவாத பஸ்ஸையே ஓட்டச் சொல்லித் தலையில் கட்டினார்கள்.

சாயங்காலம் செய்தி பார்க்கும்போது டிவியில் ஒரு வளைவு. அடியில் ஓடுகிற எழுத்து நடுவுக்கு வந்ததும் பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. இவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்கு நுனியில் கண்ணாடியோடு வந்து பார்த்து, நேராகத்தானே போகிறது என்றாள். நான் இடது என்றால் இவளுக்கு வலது. கல்யாணமாகி இருபத்தேழு வருஷமாக இதே கதை.

ஆனால் இந்தத் தடவை நான் ஜெயிப்பேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்த டிவியோடு எக்ஸ்டெண்டட் வாரண்டியும் எடுத்தேன். வேண்டாத செலவு என்று கடையில் எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கினாள். அட்டையைத் தேடி எடுத்துவிட்டேன். இந்த மாதம் முப்பதாம் தேதி வரை செல்லும்.

ஜூன் 4
வாரண்டிக்குப் போன் பண்ணினேன். அந்தப் பெண் ரொம்ப இனிமையாகப் பேசுகிறாள், அதுதான் சந்தேகமாக இருக்கிறது. படம் வளைகிறது என்றேன். அவளுடைய பட்டியலில் வளைவது கிடையாதாம். படம் வரவில்லை, சத்தம் வரவில்லை, இரண்டும் வரவில்லை. இதில் ஒன்றைச் சொல்ல வேண்டுமாம். எல்லாமே வருகிறது, வளைந்து வருகிறது என்றேன். கடைசியில் 'மற்றவை' என்று போட்டுக்கொண்டாள்.

ஜூன் 7
டிவிக்காரர் வந்தார். என் வயசு இருக்கும், அதிகம் பேசாத ஆள். அரை மணி நேரம் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்கிறார்! என் போனுக்கு வரும் ஓடிபியைச் சொன்னால்தான் அவர் புகாரை மூட முடியும். கண்டக்டர் காலையிலேயே எச்சரித்திருந்தான். "அண்ணே, வேலை முடியற வரைக்கும் ஓடிபிய மட்டும் சொல்லிடாதீங்க. அப்புறம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க."

சொல்லவில்லை. முப்பதாம் தேதி வரை இழுத்தடித்துவிட்டுக் கையை விரிக்கப் பார்க்கிறார்கள். நான் யாருன்னு தெரியல அவங்களுக்கு.

ஜூன் 8
பேப்பர் அச்சு படுமோசம். வரிகளெல்லாம் கோணல். வேறு பேப்பர் போடச் சொல்ல வேண்டும்.

ஜூன் 12
டிவிக்காரர் இரண்டாம் தடவை. உள்ளே ஒரு சர்க்யூட் பலகையைக் கழற்றிப் புதுசு மாட்டினார். வளைவு அப்படியே இருக்கிறது. அவர் நேராக இருக்கிறது என்கிறார். இவளும் அதையே சொல்கிறாள். அப்புறம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது என்ன பார்வை? எனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?

ஓடிபி கொடுக்கவில்லை.

ஜூன் 13
ஜன்னல் கம்பி வளைந்திருக்கிறது. எப்போதிலிருந்து? இவளிடம் கேட்கலாம். கேட்கவில்லை.

ஜூன் 14
இவள் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். தினமும் ஏழே முக்கால் மணிக்கு என் பஸ்ஸில்தான் ஏறுவாள், ஏறினதும் பின்னால் போய்த் தோழிகளோடு அரட்டை. நேற்றும் இன்றும் முன்சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். காற்று வருகிறதாம்.

ஜூன் 17
எங்கே ஆரம்பிப்பது?

மூன்றாம் தடவை. டிவிக்காரர் ஏதோ ஒரு கருவியைச் செருகினார். திரை முழுக்கக் கறுப்பு, அதில் வெள்ளைக் கோடுகள் கட்டம் கட்டமாக. படம் நேராக இருக்கிறதா என்று பார்க்க இதைத்தான் போடுவார்களாம். எந்த இடத்தில் வளைகிறது, தொட்டுக் காட்டுங்கள் என்றார். நடுவில்தான் என்று எழுந்து போய் விரலை வைத்தேன். கிட்டே போனதும் வளைவு விரல் பக்கத்தில் இருந்தது. மேலே மூலையைப் பார்த்தேன், அங்கே வந்துவிட்டது. கீழே பார்த்தால் கீழே வருகிறது. நான் பார்க்கிற இடத்துக்கெல்லாம் பின்னாலேயே வருகிறது.

அவர் திரையை விட்டுவிட்டு என் கண்ணைப் பார்த்தார். தன் போனில் அதே கட்டத்தை வரவழைத்துக் கையில் கொடுத்தார். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னார். வலது கண்ணை மூடினேன், எல்லாம் நூல் பிடித்த மாதிரி நேர். இடது கண்ணை மூடினேன். நடுக்கட்டங்கள் நொறுங்கிக் கிடந்தன. மத்தியில் ஒரு சாம்பல் கறை.

"இதுல எப்படி சார் தெரியுது?"

"நேராத்தான் இருக்கு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் தானாகச் சொல்லிவிட்டது. இவள் சமையலறையில் இருந்தாள்.

அவர் ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையைப் பார்த்தார். என்ன வேலை என்று கேட்டார். பஸ் ஓட்டுகிறேன் என்றேன். சொன்ன கையோடு, டிவி இப்போது சரியாகிவிட்டது, ஓடிபியை எழுதிக்கொள்ளுங்கள் என்று போனை நீட்டினேன்.

"இப்ப வேணாம் சார். போய்க் கண்ணக் காட்டிட்டு வாங்க. அப்புறம் மூடிக்கலாம்."

பத்து நாளாகப் பொத்திப் பொத்தி வைத்ததை நானே நீட்டுகிறேன், அந்த மனுஷன் வாங்காமல் பையைத் தூக்கிக்கொண்டு போகிறார்.

ஜூன் 18
இரண்டு கண்ணும் திறந்திருந்தால் பெரிதாகத் தெரியவில்லை. இடது கண் போதும்.

போதுமா?

ஜூன் 19
வாரண்டிப் பெண் கூப்பிட்டாள். புகார் பதினைந்து நாளாக நிலுவையில் இருக்கிறதாம், மன்னிப்புக் கேட்கிறாள். தயவுசெய்து மூடிவிடு என்றேன். டிவிக்காரர்தான் மூட வேண்டுமாம். அவர் மூட மாட்டேன் என்கிறாராம். காரணம் கேட்டால் 'வேலை முடியவில்லை' என்று எழுதியிருக்கிறாராம். அவருக்கு ஏன் இந்த வேலை? டிவியைப் பார்க்க வந்தவர் டிவியோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதானே?

ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம். ஸ்டியரிங்கை விட்டால் எனக்கு என்ன தெரியும்? கண்ணைக் காட்டினால் உண்மை வெளியே வந்துவிடும். காட்டாவிட்டால் மட்டும் போய்விடுமா? ஒன்றும் புரியவில்லை. பயமாயிருக்கு. அவ்வளவுதான், பயமாயிருக்கு.

ஜூன் 20
வாரண்டியிலிருந்து மறுபடி போன். எடுக்கவில்லை.

ஜூன் 21
சிவப்பு விளக்கில் நிற்கும்போது இடது கண்ணை மூடி உள் கண்ணாடியைப் பார்த்தேன். முன்சீட்டில் இவள். மடியில் பை தெரிந்தது. குடை தெரிந்தது. தோள் வரை தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் முகம் இல்லை, அழுக்குத் துணியால் துடைத்த மாதிரி இருந்தது.

பச்சை விழுந்ததுகூடத் தெரியவில்லை, பின்னால் ஹாரன் அடித்தார்கள். பஸ் நிறைய ஜனம். எல்லாரும் போனை நோண்டிக்கொண்டும் பேசிக்கொண்டும் வருகிறார்கள். ரோட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற நம்பிக்கைதானே? கடைசி நிறுத்தம் வரை உருட்டிக்கொண்டு போனதும் டிப்போவுக்குப் போன் பண்ணினேன். கண் சரியில்லை, வேறு ஆளை அனுப்புங்கள் என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக் கண்டக்டர் சிரித்தான். அப்புறம் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து இவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. டிவிக்காரர் இரண்டாம் தடவை வந்த அன்றே இவளுக்குச் சந்தேகமாம்.

"அப்புறம் ஏன் வாயத் திறக்கல?"

"கேட்டா எரிஞ்சு விழுவீங்க. நீங்களே சொல்லட்டும்னு இருந்தேன்."

"சந்தேகப்பட்டுக்கிட்டேவா தினமும் என் பஸ்ல ஏறின?"

"முன்னாடி உக்காந்து ரோட்டப் பாத்துக்கிட்டே வந்தேன்ல" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இதை எழுத வெட்கமாக இல்லை.

ஜூன் 23
கண் டாக்டர். வலது கண்ணின் உள்ளே, பின்பக்கத்தில் நீர் கசிந்து வீங்கியிருக்கிறதாம். மாதம் ஒரு ஊசி. எங்கே என்று கேட்டேன். கண்ணிலேயேதானாம்! இன்னும் ரெண்டு மாதம் விட்டிருந்தால் அந்தக் கண்ணை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். டிவி ரிப்பேர்காரர் சொன்னார் என்றால் நம்புவாரா? சொன்னேன். நம்பினார்.

இனி பஸ் ஓட்டக் கூடாது. அதையும் அதே குரலில் சொல்லிவிட்டார்.

ஜூன் 24
ஊசி போட்டாயிற்று. விவரிக்க மாட்டேன்.

ஜூன் 30
வாரண்டி இன்றோடு முடிகிறது. டிவிக்காரரைக் கூப்பிட்டு ஓடிபி சொன்னேன். குறை என்ன என்று எழுதுவீர்கள் என்று கேட்டேன். 'மற்றவை' என்றே இருக்கட்டும் என்றார்.

ஜூலை 18
டிப்போவில் நேரம் குறிக்கிற மேசையில் போட்டிருக்கிறார்கள். நேற்று வரை பிடிக்கவில்லை. இன்றைக்குப் பரவாயில்லை.

காலையில் இவளும் நானும் ஒன்றாகக் கிளம்பி ஏழே முக்கால் பஸ்ஸில் ஏறினோம். புது டிரைவர், இளவட்டம். பிரேக் கொஞ்சம் முரடு, சொல்லிக்கொடுக்க வேண்டும். பதினோரு வருஷம் இதே பஸ்ஸில் இரண்டு பேரும் போயிருக்கிறோம், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. இவள் ஜன்னல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது நிறுத்தம் வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

அவள் இறங்க வேண்டிய இடம் வந்தது. எழுப்ப மனசு வரவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தோம், வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தாள்.