வசுமதியின் கித்தாருக்கு ஒரு ஜோடிக் காயில்

செங்கல்பட்டு,
14.9.1999

அன்புள்ள ஹரிப்ரியாவுக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் சுகம். கடையில் வந்து படுத்திருக்கும் நான்கு பம்புசெட் மோட்டார்களுக்குத்தான் சுகமில்லை. சிங்கப்பூரில் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் நீயும் நலமாக இருக்க வேண்டும். என் கடிதங்களை நீ சம்பந்தியம்மாவுக்கு வாசித்துக் காட்டுவாய் என்று தெரியும். முதலில் அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லிவிட்டு மேலே வாசி.

ஒன்றரை வருஷம் ஆகியும் தனியாக ரயில் ஏறத் தெரியவில்லை, எனக்கு எதுவுமே தெரியவில்லை அம்மா, அத்தை கூட வந்தால்தான் கடைக்கே போகிறேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அப்பா படித்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சரி, அதை விடு. இப்போது எழுதுவது வேறொரு வேலையாக.

போன மாதம் வசுமதி என்று ஒரு பெண் கடைக்கு வந்தாள். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வீடு. வாரம் முழுக்க ஆபீஸ் வேலை, சனிக்கிழமையானால் மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் பாட்டுக் குழுவோடு பேஸ் கித்தார் வாசிக்கிறாளாம். கித்தாரைப் பெஞ்சின்மேல் வைத்து, இதற்குள் ஒரு காயில் போய்விட்டது, நீங்கள் மோட்டாருக்குக் காயில் கட்டுவீர்கள் என்று சொன்னார்கள் என்றாள். அப்பா, "இன்னாம்மா, பம்புசெட்டு பேஜாரே தீரல, பாட்டுக்கெல்லாம் யாரு காயில் கட்டிகினு கீறது" என்றார். அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு நான் வாங்கிப் பார்த்தேன்.

நாலே கம்பி. தடித்த கம்பி சைக்கிள் பிரேக் ஒயரைவிடப் பருமன். கம்பிக்குக் கீழே கழுத்துப் பக்கம் ஒன்றும் கீழ்ப்பக்கம் ஒன்றுமாகக் கறுப்பாக இரண்டு கட்டைகள். அவற்றைப் பிக்கப் என்கிறார்கள். மைக் மாதிரி ஏதோ என்று நினைத்து, நல்லதாக இருந்த ஒன்றின்மேல் வாயை வைத்து ஹலோ என்றேன். அவள் கூடவே கொண்டு வந்திருந்த ஆம்ப்ளிஃபயர் கம்மென்று இருந்தது. வசுமதி சிரித்துவிட்டாள். அதற்குக் காது கிடையாதாம். காந்தத்துக்கு மேலே இரும்பு அசைந்தால் மட்டும்தான் தெரியுமாம். புடவையில் இருந்த ஊக்கைக் கழற்றி ஆட்டினேன், சத்தம் வந்தது. செம்புக் கம்பியை ஆட்டினேன், ஒன்றும் இல்லை. அன்று சாயங்காலம் வரை கடையில் உள்ள ஒவ்வொரு சாமானையும் அதன்மேல் ஆட்டிப் பார்த்தேன். அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கீழ்ப்பக்கத்துப் பிக்கப் கடல் காற்றில் பச்சைக் களிம்பு பிடித்து, காயில் அறுந்து கிடந்தது. மீட்டரில் முள் அசையவில்லை. உள்ளே இருப்பது தலைமுடியை விட மெல்லிய கம்பி, பல ஆயிரம் சுற்று, நம் கடையில் கட்ட முடியாது. அதனால் வசுமதி சென்னைக்குப் போய் ஒன்று வாங்கி வந்தாள். ஓம்ஸ் அளவு கழுத்துப் பக்கத்துப் பிக்கப்புக்குக் கிட்டத்தட்டச் சரி. நீளம்தான் அறுந்ததைவிட இரண்டரை மில்லிமீட்டர் குறைச்சல். கழுத்துப் பக்கத்துக்கு ஒரு நீளம், கீழ்ப்பக்கத்துக்கு ஒரு நீளம் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. இடைவெளியில் தீக்குச்சி செருகிப் பொருத்தினேன்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. கழுத்துப் பக்கத்துப் பழையதைத் தனியாகக் கேட்டால் நன்றாக இருக்கிறது. புதியதைத் தனியாகக் கேட்டாலும் அப்படித்தான். இரண்டையும் சேர்த்துத் திறந்தால் கனத்த அடிச்சத்தம் எங்கேயோ போய்விட்டு, தகரத்தைத் தட்டுகிற மாதிரி வருகிறது. புதியதின் இரண்டு வயரையும் மாற்றிச் சேர்த்தேன். அடிச்சத்தம் திரும்பி வந்தது, கூடவே டியூப்லைட் இரைச்சலும் வந்துவிட்டது. மூன்று நாள் யோசித்தேன். அறுந்துபோன பழையதை எடுத்து அதன் பக்கத்தில் திசைகாட்டியைப் பிடித்தேன், முள் ஒரு பக்கம் போனது. கழுத்துப் பக்கத்தில் பிடித்தேன், நேர் எதிராகத் திரும்பியது. காந்தமும் எதிர், சுற்றும் எதிர். அப்படி ஜோடி சேர்த்தால் பாட்டு கூடும், இரைச்சல் கழிந்துவிடும். சென்னையில் வாங்கினதில் சுற்று மட்டும்தான் எதிர். அடியில் பட்டையாக ஒட்டியிருக்கிற காந்தம் கழுத்துப் பக்கத்தைப் போலவே இருக்கிறது. எவ்வளவு அழகான கணக்கு, பார்.

உன்னிடம் கேட்பது இதுதான். அங்கே கித்தார் கடைகள் நிறைய இருக்கும் கட்டடம் ஒன்று இருக்கிறதாம். வசுமதியின் அண்ணன் பரணிதரன் ஆபீஸ் பயிற்சிக்காக மூன்று வாரம் அங்கே வருகிறான். செத்த பிக்கப்பையும், பாலிடெக்னிக்கில் நீ வைத்திருந்த மஞ்சள் மீட்டரையும், திசைகாட்டியையும் அவனிடம் கொடுத்திருக்கிறேன். நீளம் ஒன்பதரை சென்டிமீட்டருக்கு அரை மில்லிமீட்டர் குறைவு. ஏழிலிருந்து எட்டு கிலோ ஓம் வரை. காந்தம் செத்ததைப் போலவே இருக்க வேண்டும். பெட்டியின்மேல் இதெல்லாம் போட்டிருக்காது. ஒவ்வொன்றாக எடுத்து மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளைக்கு லீவு போடுகிற சிரமம் வேண்டாம், அவருக்கு இது புரியவும் புரியாது. சம்பந்தியம்மாவும் முழங்கால் வலியோடு மணிக்கணக்கில் கடையில் நிற்க வேண்டாம். நீ ஒருத்தி போனால் போதும்.

ஏரி நிரம்பவில்லை, மழைக்காக எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உடம்பைப் பார்த்துக்கொள். எல்லோருக்கும் எங்கள் அன்பும் ஆசியும்.

அம்மா,
பார்வதம்

(செத்த பிக்கப்பின் கறுப்பு மூடிக்குள் மடித்து வைத்திருந்த தாள்)

ஹரி,

இந்த மூடியை அந்த வீட்டில் நீ ஒருத்திதான் கழற்றிப் பார்ப்பாய். அதனால் இங்கே எழுதுகிறேன்.

வசுமதியின் கித்தாருக்கு இப்போது ஒரு குறையும் இல்லை. அடியில் இருந்த காந்தப் பட்டையைக் கத்தியால் நெம்பித் திருப்பி ஒட்டினேன். வயரை மறுபடி பழையபடி மாற்றினேன். அரை மணி நேர வேலை. கடிதத்தை வாசிக்கும்போதே, காந்தத்தைத் திருப்பினால் தீர்ந்ததே, இதற்கு எதற்கு சிங்கப்பூர் என்று உனக்குத் தோன்றியிருக்கும். தோன்றாமல் போயிருக்குமோ என்றுதான் எனக்குப் பயம்.

போன சனிக்கிழமை அப்பாவும் நானும் மாமல்லபுரம் போய்க் கேட்டோம். அந்தச் சத்தம் காதுக்கு வருமுன் நாற்காலிக் கைப்பிடிக்கு வருகிறது. அப்பா தட்டில் வைத்ததைத் தின்ன மறந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் பார்க்க உன் நினைவுதான் வந்தது. கொட்டுகிற மழையில் படாளத்திலிருந்து ஒரு ஹெச்பி மோட்டாரை மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்தவள் நீ. அச்சரப்பாக்கத்து ரைஸ் மில்காரரிடம் வாதாடி, தப்பு அவருடைய ஸ்டார்ட்டரில்தான் என்று காட்டிவிட்டு வந்தவள்.

தப்பு என்னுடையது. தட்டு மாற்றிய அன்று உன் மாமியாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "பச்சப் புள்ளைங்க, ஒண்ணும் தெரியாது, நீங்கதான் கூடவே இருந்து பாத்துக்கணும்" என்றேன். பெண்ணைக் கொடுக்கிற எல்லோரும் சொல்வதுதானே என்று சொன்னேன். என் அம்மாவும் என்னைப் பற்றி அப்படித்தான் சொன்னாள், இங்கே ஒருவரும் அதைக் காதில் வாங்கவில்லை, கல்யாணத்துக்கு மறுநாளே அப்பா என்னைக் கடையில் உட்கார வைத்துவிட்டார். உன் மாமியார் நல்ல மனுஷி. நான் சொன்னதை அப்படியே நம்பி, ஒன்றரை வருஷமாக உன் கையைப் பிடித்து ரோடு தாண்ட வைத்துக்கொண்டிருக்கிறார். அவரைக் கோபிக்காதே. நீயும் அதை நம்பத் தொடங்கிவிட்டாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீ எதையும் வாங்க வேண்டாம். தனியாகப் போ. எல்லாக் கடையிலும் ஏறி, இருக்கிற பிக்கப்பை எல்லாம் எடுக்கச் சொல்லி மீட்டர் வைத்துப் பார். கடைக்காரன் முறைத்தால் முறைக்கட்டும். ரயில் மாறி ஏறிவிட்டால் இறங்கி, யாரையாவது கேட்டு, வேறு ரயில் பிடி. இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்துவிடுவாய், எனக்குத் தெரியும். வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு, அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து நீயே சொல்லிவிடு கண்ணு, எங்கம்மா அன்னிக்கு உங்ககிட்டப் பொய் சொல்லிட்டாங்க என்று.

அம்மா