வெள்ளைப் புள்ளி வண்டுகள்

மரக்காணம்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள சாலம்மாள் அம்மாவுக்கு,

ஃபர்சானா எழுதுகிறேன். திருப்பூரில் தங்கை வீட்டில் முட்டிவலி குறைந்து கொஞ்சமாவது தூங்குகிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லப் பார்த்தேன். நிலாவின் அப்பா பேச்சை எடுத்ததும் வைத்துவிட்டீர்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. எழுதினால் கடைசிவரை படிப்பீர்கள் என்று தோன்றியது.

இங்கே உப்பு வாரும் வேலை தொடங்கிவிட்டது. ஈ.சி.ஆர். வரைக்கும் லாரி நிற்கிறது. உங்கள் வீட்டு முருங்கைக்குப் பாப்பாத்தி அக்கா தண்ணீர் ஊற்றுகிறார். கலியபெருமாள் அப்பா மட்டும் உப்பளத்துக்கு வேலைக்குப் போவதில்லை. மேஸ்திரியும் ஆள் அனுப்பிப் பார்த்து அலுத்துவிட்டார்.

உங்கள் மகள் நிலாவும் நானும் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட ஆமை வண்டுகள் உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் சமையலறை ஜன்னலில்கூட டப்பாவில் வைத்திருந்தாள். ஒரே பேரினம்தான், ஆனால் உலகம் முழுக்க இருநூறு இனம் போல இருக்கிறது. நம் மணல்மேட்டு அடப்பங்கொடியில் நாங்கள் பார்த்தது நான்கு. முழுத் தங்கமாக மின்னுவது, கரும்புள்ளி விழுந்தது, முதுகு கூம்பியது, நகக்குறி போலக் கோடு ஓடிய சின்னது. செத்தால் அந்தத் தங்க நிறமும் போய்விடும், தவிட்டு நிறத்தில் ஒரு சக்கை மிஞ்சும். அதனால் நிலா எதையும் கொல்ல மாட்டாள். இடது தோளில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்து விட்டுவிடுவாள். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு நிறம். அடுத்த முறை போகும்போது பழையது எது, புதியது எது என்று தெரிந்துவிடும்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் புயலுக்கு முந்தின நாள், காற்றில் அவை எங்கே ஒளிகின்றன என்று பார்க்கப் போனவள் திரும்பவில்லை. முகத்துவாரத்தில் செருப்பு மட்டும் கிடைத்தது. அப்பா கருமாதி கூடாது என்றார். நீங்கள் செய்தே ஆக வேண்டும் என்றீர்கள். அதோடு பஸ் ஏறிவிட்டீர்கள். இருவரில் யார் சரி என்று சொல்ல நான் யார்?

இந்தப் பொங்கல் கழித்து அந்த மேட்டுக்குத் தனியாகப் போனேன். ஓர் இலையைத் திருப்பினேன். வண்டின் தோளில் சிவப்புப் புள்ளி. பக்கத்து இலையில் நீலம். இந்த வண்டுகள் ஒரு வருஷம் உயிரோடு இருக்காது அம்மா. நிலா புள்ளி வைத்தவை எப்போதோ செத்திருக்கும். அதற்குப் பின் பிறந்தவற்றுக்குப் புள்ளி வராது. முகர்ந்து பார்த்தேன், பாலிஷ் வாசனை இன்னும் போகவில்லை. உச்சிவெயிலில் உப்புப் பாத்திகள் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தன. கண்ணுக்கெட்டிய தூரம் ஆள் இல்லை. என் முதுகுக்குப் பின்னால் யாரோ இலை திருப்புவதுபோல் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் ரோடு வரைக்கும் வந்துவிட்டேன்.

மறுநாள் போனபோது அப்பா கொடிக்குள் மண்டியிட்டிருந்தார். மடியில் நெயில் பாலிஷ் பாட்டில்கள். எனக்குப் போன உயிர் வந்தது. ஏன்பா இப்படி என்று கேட்டேன். “நிலா வந்து பாக்க சொல்ல ஒண்ணுத்து மேலயும் புள்ளி இல்லன்னா, நம்பள மறந்துட்டாங்கன்னு நெனச்சிக்கும்ல. அதான் வெச்சினு இருக்கேன்” என்றார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் சிலதுக்கு வைத்தேன்.

அதோடு முடிந்திருந்தால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன்.

போன வாரம் முகத்துவாரத்துப் பக்கக் கொடியில் ஐந்தாவது இனம் ஒன்றைப் பார்த்தேன். புளியங்கொட்டை நிற உடம்பு, சுற்றிலும் கண்ணாடி போன்ற விளிம்பு. நிலாவும் நானும் அதை இங்கே பார்த்ததே இல்லை. இடது தோளில் வெள்ளைப் புள்ளி. அப்பாவிடம் காட்டினேன். கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். “வெள்ள நான் வாங்கவே இல்லியேம்மா” என்றார்.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அது பாலிஷ் இல்லை, உப்பு. அலை தெறித்துக் காய்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியானால் கண்ட இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். அதன் பிறகு அந்த இனத்தில் நான் பிடித்தவை எல்லாவற்றிலும் இடது தோளில்தான், ஒரே அளவில் இருந்தது.

அப்பா பாட்டில்களை என்னிடம் கொடுத்துவிட்டார். “இனிமே நான் வெக்கத் தேவல. நிலாவே வெச்சிக்குது” என்றார். சிரித்த முகத்தோடுதான் சொன்னார். அன்றிலிருந்து வெள்ளைப் புள்ளிகளைத் தேடியே போகிறார். அவை தண்ணீருக்குக் கிட்டே, இன்னும் கிட்டே இருக்கும் கொடிகளில்தான் கிடைக்கின்றன. நேற்று மதியம் கொடியெல்லாம் முடிந்த இடத்தைத் தாண்டி, முட்டி வரை சேற்றில் நின்றிருந்தார். மேலே காய்ந்த உப்பு, கீழே கறுப்புச் சேறு. குப்புசாமி அண்ணனும் நானும் கயிறு போட்டு இழுத்தோம். இன்று காலை மறுபடி கிளம்பிவிட்டார். நான் மேட்டில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

கருமாதி பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் அம்மா. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே பஸ் ஏறுங்கள். ஏறியதும் ஒரு போன் போடுங்கள், ஸ்டாண்டில் வந்து நான் நிற்கிறேன். வீட்டுக்குப் போக வேண்டாம், நேரே இங்கே வாருங்கள். கரையில் நின்று ஒரே ஒரு தடவை “ஏங்க” என்று கூப்பிடுங்கள், போதும்.

நான் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். அப்பா என்று நான் கூப்பிட்டால், அவர் என் பக்கம் திரும்புவதில்லை. தண்ணீர்ப் பக்கம் திரும்பி, “தோ வர்றேன் நிலா” என்கிறார்.

அல்லா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் மகள் போன்ற
ஃபர்சானா