எட்டு ஒன்றான அன்று

மாப்ள,

இன்று காலை விருதுநகர் புதுக் குடோனுக்கான டேட்டாபேஸ் டேபிள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். சரக்கு இருப்பு டேபிளுக்கு நேரே, பேரலல் என்ற இடத்தில், எட்டு என்று நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து சீட்டிலிருந்து கவிதா, "நான்தாண்ணே வச்சேன். இருப்பு மொத்தமும் கணக்கெடுக்கையில சீக்கிரம் முடியட்டும்னு வச்சது. எடுத்துரட்டுமா?" என்றாள். எடும்மா என்றேன். எட்டு ஒன்றானது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு உன்னை நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

உன் கடைசி சீசன் அது. ஆடி முடிந்து ஆர்டர்கள் குவிகிற நேரம். சிவகாசி ஆபீஸின் புக்கிங் ஹாலில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து போனில் ஆர்டர் எடுப்பார்கள். அத்தனையும் நீ எழுதிய புரோகிராமில் ஏறும். அதற்கு அடியில் இருக்கும் டேட்டாபேஸ் என் பொறுப்பு. அந்த வருஷம் மட்டும், வியாபாரியின் பெயரைத் தட்டினால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "எம்புட்டு நேரம்ணே சுத்தும்? லைன்ல இருக்கவுக ஏசுறாக" என்று பிள்ளைகள் அழாத குறை. விஸ்வநத்தம் பேக்டரி வாசலில் பட்டாசு லோடு ஏற்றிய லாரிகள் பில்லுக்காக நின்றன.

முதலாளி அண்ணாச்சி நம் இருவரையும் கூப்பிட்டார். அவர் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாருங்க. சரியாகலைன்னா வெளிய ரெடியா இருக்க புரோகிராம வாங்கிப் போட்டுருவோம். சீசன விட முடியாதுய்யா" என்றார். நீ தலையாட்டினாய். கல்யாணமான புதிதில் எழுத ஆரம்பித்து, வருஷா வருஷம் சேர்த்துச் சேர்த்து வளர்த்த புரோகிராம் அது. படியிறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாய். உடம்புக்கு முடியாததாலா, மனசுக்கு முடியாததாலா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் உனக்கு டயாலிசிஸ். வராதே என்று சொல்லியிருந்தேன். நீயோ ஆஸ்பத்திரியில் பேசி விடியற்காலை முறையை வாங்கி, முடித்த கையோடு பஸ்ஸேறி வந்துவிட்டாய். கையில் பிளாஸ்திரி, முகத்தில் ஒரு சொட்டு ரத்தமில்லை. ஆனால் கண் மட்டும் மின்னியது.

"அங்கன படுத்துக்கிட்டே யோசிச்சேன்லே. பிள்ளைக கேக்குறது ஒரே ஒரு பேரு. அதுக்குப் போயி மிஷின் ஏன் இம்புட்டு மூச்சு வாங்குது? உள்ள யாரு ஓடுறான்னு காட்டு."

காட்டினேன். ஒரு பிள்ளை ஒரு பெயரைத் தேடினால், அதற்காக உள்ளே எட்டு வேலையாட்கள் கிளம்பியிருந்தார்கள். இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஆர்டர் டேபிளின் பேரலல் எண்ணைக் கேட்டுப் பார்த்தேன். எட்டு.

ஒரு டேபிளை ஒரே ஆள் படிக்கட்டும் என்றால் அது ஒன்றாக இருக்க வேண்டும். எட்டு என்று வைத்தால் வேலையைப் பங்கு போட்டு எட்டு பேர் சேர்ந்து இறங்குவார்கள். வருஷக் கணக்கு மாதிரிப் பெரிய வேலைக்கு அது நல்லதுதான். ஹால் முழுக்கப் பிள்ளைகள் ஆளுக்கொரு பெயரைத் தேடும்போது, ஒவ்வொருத்திக்கும் எட்டு பேர் கிளம்பினால் மிஷின் எங்கே போகும்?

"ஏலே, நான்தாம்லே வச்சேன்!" என்று நீ கத்திய கத்தலில் அடுத்த அறை எட்டிப் பார்த்தது. வருஷக் கணக்கு முடிக்கும்போது வேகத்துக்காக வைத்தது, திருப்பி மாற்றப்படாமல் அப்படியே நின்றுவிட்டது. அப்போது ஆர்டரே இல்லாத மாதங்கள் என்பதால் யாருக்கும் உறைக்கவில்லை.

உடனே ஒன்றாக்கினாய். வேகம் வந்தது, ஆனால் பாதிதான். ஹாலில் இன்னும் வட்டம் சுற்றியது. உன் முகம் அப்படியே விழுந்துவிட்டது. மத்தியானத்துக்கு அதிக நேரமில்லை. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

"மாப்ள, இண்டெக்ஸப் பாத்தமா?"

பெயரைச் சொன்னதும் டேபிளில் அது எங்கே இருக்கிறதென்று காட்டித் தருவது இண்டெக்ஸ். டேபிளின் எண்ணை மாற்றினால் அதுவும் கூடவே மாறிவிடாது. அதற்கென்று தனியாக ஓர் எண் உண்டு. பார்த்தோம். அங்கேயும் எட்டு எட்டாக நின்றன. நீ கீபோர்டை என் பக்கம் தள்ளினாய். "கண்டுபிடிச்சவன் அடிலே." ஒவ்வொன்றாக மாற்றினேன். கடைசி இண்டெக்ஸும் ஒன்றானபோது ஹாலிலிருந்து ஒரு குரல்: "அண்ணே, தட்டுன ஒடனே வருது!" அப்புறம் இன்னொன்று. அப்புறம் ஹாலே கைதட்டியது.

சத்தம் கேட்டு அண்ணாச்சி வந்தார். அவர் எதுவும் கேட்குமுன் நீ எழுந்து நின்றாய். "அண்ணாச்சி, அந்த எட்ட வச்சது நான்தான். வேலை முடிஞ்சதும் திருப்பி வச்சிருக்கணும், விட்டுட்டேன். புரோகிராம் மேல ஒரு கொறையும் இல்ல."

வேலை போகக்கூடிய நேரத்தில், ஆஸ்பத்திரிச் செலவு தலைக்கு மேல் இருக்கும்போது, ஒருவன் இப்படி நிமிர்ந்து சொல்லி நான் பார்த்ததில்லை. அண்ணாச்சி உன் கைப் பிளாஸ்திரியைப் பார்த்தார். ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, சாத்தூர் வியாபாரி ஒருவரின் பெயரைத் தானே தட்டினார். விரலை எடுக்குமுன் ஆர்டர் வந்து நின்றது. "வெளிய ஒண்ணும் வாங்க வேண்டாம்" என்றார். போகும்போது திரும்பி, "ரெண்டு பேரும் சாப்பிட்டீகளா?" என்று கேட்டார்.

டீ வந்தது. நீ குடிக்கிற தண்ணீருக்கும் டாக்டர் அளவு வைத்திருந்ததால் பாதியை என் கிளாஸில் ஊற்றினாய். "இன்னைக்கு மட்டும் முழுசாக் குடிக்கணும் போல இருக்குலே" என்று சிரித்தாய்.

அதற்குப் பிறகு அந்த சீசனில் ஒரு லாரி கூட பில்லுக்காக நிற்கவில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் கடைசி லோடு கிளம்பியபோது நீ கேட்டில் நின்று கையாட்டினாய். தையில் போய்விட்டாய்.

உன்னிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, அண்ணாச்சி முன்னால் நீ நின்ற அந்த நிற்பு. நம் செக்சனில் ஏதாவது தவறிப்போனால் இப்போது யாரும் யாரையும் தேடுவதில்லை. செய்தவரே வந்து சொல்லிவிடுகிறார்.

விருதுநகருக்கு எந்த புரோகிராம் என்று பேச்சு வந்தபோது அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. "அதயே போடுங்க" என்றார். இன்று மத்தியானம் புது ஹாலில் முதல் பில் அடித்து வந்ததும், இதை யார் எழுதினது என்று ஒரு பிள்ளை கேட்டாள். ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி உன் பெயரைச் சொன்னேன்லே.