அடுப்புக்கு மேலே வைத்த வயலின்

வியாழன் இரவு, பசறை

இன்றும் சுருதி இறங்கவில்லை. நான்காவது நாள்.

பனிக்குப் பயந்து இரண்டு வருடமாக வயலினை அடுப்புக்கு மேலே பலகையில்தான் வைத்தேன். காலையில் பள்ளிக்கூடத்தில் திறந்தால் தந்திகள் தொய்ந்து கிடக்கும். பாதிப் பாடம் அதிலேயே போகும். போன வருடப் பள்ளிப் போட்டியில் பாட்டின் நடுவிலேயே, தந்தியை முறுக்கிப் பிடிக்கும் பிரடை நழுவி, பாடிய பிள்ளைகள் அழுதார்கள்.

பக்கத்து வீட்டுச் செல்வராணி தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிறவள். ஈரம் வற்றிப் பதம் வந்துவிட்டதா என்று கையில் அள்ளியே சொல்வாள். சங்கீதம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சீனி கேட்டு வந்தவள், வயலினைப் பார்த்ததும் பிரடை ஒன்றைப் பிடித்து அசைத்தாள்.

"டீச்சர், இது ரொம்ப காஞ்சு போச்சுங்க. கட்ட சுருங்கி ஓட்டையில ஆடுது. பனி இல்ல, உங்க அடுப்புதான் கெடுக்குது. உள் ரூம்ல பொட்டிய மூடி வைங்க."

பன்னிரண்டு வருடம் வயலின் படித்த எனக்கு இவள் சொல்வதா என்று கோபம் வந்தது. ஆனாலும் அன்றிரவே உள் அறையில் வைத்தேன்.

இன்று காலை வில்லைப் போட்டதும், நேற்று விட்ட இடத்திலேயே ஷட்ஜம் நின்றது. நாளை பதுளையில் போட்டி.

சாயங்காலம் சுருதி நின்றதை அவளிடம் சொன்னேன். "அப்படிங்களா" என்று ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிரடையை ஒருமுறை அசைத்ததுமே காய்ந்ததைக் கண்டுகொண்ட அந்தக் கையையே நினைத்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன்.