பௌர்ணமிக்குச் செவலை வர வேண்டாம்

திருவண்ணாமலை,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பச்சையம்மாளுக்கு,

போனில் பேசினால் பாதியில் தடுமாறிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். சொல்ல வேண்டியவை:

1. செவலை நலம்.
2. உன் தம்பி தருமனுக்கு நான் விளக்கியதும் தோற்றதும்.
3. நீ செய்ய வேண்டியது.

ரேவதிக்குக் கால் வீக்கம் குறைந்ததா? பெங்களூர்க் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? இங்கே சமையல் எப்படியோ நடக்கிறது.

முதலாவது. செவலைக்கு ஏழு மாதச் சினை. நன்றாகத் தீனி எடுக்கிறது என்று தருமன் சொன்னான். கன்றிலிருந்து நீ வளர்த்த மாடு என்பதால் இதை முதலில் எழுதினேன்.

இரண்டாவது. தருமன் இருக்கும் அடி அண்ணாமலைப் பக்கம், மாடுகளுக்கு வாயிலும் குளம்பிலும் புண் வைக்கும் கோமாரி வந்திருக்கிறது. இருந்தும் வரும் பௌர்ணமிக்குச் செவலையைக் கிரிவலப் பாதையில் நிறுத்தப்போகிறானாம். பல ஊர் மாடுகள் வரிசையாக நிற்கும். புண்ணியம் தேடி வருகிறவர்கள் ஒரே கட்டு அகத்திக்கீரையை மாட்டுக்கு மாடு நீட்டிக்கொண்டே போவார்கள். ஒன்றின் எச்சில் அடுத்ததன் வாய்க்குள் போகும். சொன்னால், "ஊசிதான் போட்டாச்சே மாமா" என்கிறான்.

பொறுமையாகத்தான் சொன்னேன். இந்த வைரசின் மரபுச் செய்தி ஆர்.என்.ஏ. என்னும் ஒற்றை இழை. மாட்டின் செல் அதைத் தனக்கு வந்த உத்தரவு என்று நம்பி, வைரசுக்கு வேண்டிய புரதங்களைச் செய்து கொடுக்கிறது. அவற்றில் ஒன்று நகலெடுக்கும் நொதி. அது முதலில் ஓர் எதிரிழை செய்யும். அந்த எதிரிழையிலிருந்து மூலத்தைப் போன்ற இழைகளைச் செய்துகொண்டே போகும். நம் செல்கள் தம் மரபுச் செய்தியை நகலெடுத்தால் சரிபார்த்துத் திருத்தும். இந்த நொதி திரும்பிப் பார்ப்பதே இல்லை. பிழைகளில் பெரும்பாலானவை வைரசையே கெடுக்கும். ஆனால் தப்பிப் பிழைக்கும் ஒன்றிரண்டு பழைய ஊசிக்குப் பிடிபடாமல் போகலாம்.

"உங்க கிருமிக்கு நீங்கதான் பாடம் எடுத்தீங்களா மாமா? இவ்ளோ தப்பு பண்ணுது!" என்றான். அவன் மனைவி சந்திரம்மாள் சிரித்தாள், பால் வாங்க வந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். அதை நினைத்தால்தான் எரிச்சல் தீரவில்லை. கல்லூரியில் வருடா வருடம் இதையே நடத்தியவனுக்கு, மாட்டை வீட்டில் கட்டு என்று அழுத்திச் சொல்ல வாய் வரவில்லை. ஒருவேளை நான் விளக்கிய விதமே சரியில்லையோ என்னவோ.

மூன்றாவது. நீ தருமனுக்குப் போன் செய். விளக்கம் எதுவும் வேண்டாம். அக்கா சொன்னால் கட்டிப்போடுவான்.

இதுவரை காலையில் எழுதினேன். மனம் கேட்காமல் ஆட்டோ பிடித்து அடி அண்ணாமலைக்குப் போய் வந்தேன். செவலையின் வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் ஒழுகுகிறது. முன்னங்காலை ஊன்ற முடியாமல் தூக்கித் தூக்கி வைக்கிறது. "அகத்தி ஜாஸ்தி தின்னுடுச்சு மாமா, அதான்" என்றான் தருமன். கால்நடை மருத்துவரை நானே வரச் சொல்லிவிட்டேன். இனி செவலை அந்த வரிசையில் நின்றால் மற்ற மாடுகளுக்குத்தான் ஆபத்து. தபாலை நம்பாமல் இதைப் படம் எடுத்து மாப்பிள்ளையின் போனுக்கு அனுப்புகிறேன். இன்றே தருமனிடம் பேசு. ரேவதிக்குத் தெரிய வேண்டாம்.

அவளையும் அவள் வயிற்றுப் பிள்ளையையும் அண்ணாமலையார் காக்கட்டும்.

ஒன்றாம் எண்ணில் எழுதியதை நான் நேரில் பார்க்கவில்லை. தருமன் சொன்னதை அப்படியே எடுத்து எழுதினேன். அது தவறு.

உன்,
முருகவேல்