நைனா போட்ட பிரேக்

என் ஆசை நைனாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன்: நாம் ஜெயித்துவிட்டோம். எப்படி என்று கேள்.

நாம் ஏலகிரி போய்வந்த கதையை எழுதி உன் திதியன்று படிக்கச் சொல்லி அம்மா கேட்டிருந்தாள். நாலு பேரும் சேர்ந்து போன ஒரே ஊர் அதுதானே. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. நான் படித்தால்தான் உண்டு. ஒரு வாரம் உட்கார்ந்து ஒன்பது பக்கம் அடித்தேன். அடித்தேனே தவிர, சேவ் செய்யவில்லை. சேவ் என்றால் அது பேர் கேட்கிறது, நைனா. தி.நகர் கடையில் நான் போடும் பில்லுக்குத் தானாக நம்பர் விழும். உன் கதைக்கு என்ன பேர் வைப்பது? நல்ல பேராகக் கிடைக்கட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். புது ஆட்டோவுக்குப் பேர் எழுதிய பிறகுதான் ஸ்டாண்டுக்கே போனவன் நீ. உன் மகள் செய்கிற வேலையா இது?

திதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, நான் சோறு வடிக்கப் போன நேரத்தில், கம்ப்யூட்டர் தானாக அணைந்து தானாக எழுந்தது. திரும்பி வந்து பார்த்தால் ஒரு வரிகூட இல்லை. உன்னை இரண்டாம் முறை தொலைத்தது போல இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

தம்பி எட்டிப் பார்த்தான். “இன்னாக்கா, ஆட்டோ சேவ் போடலியா?”

“ஆட்டோவத்தான் வித்துட்டமேடா, இன்னும் இன்னா ஆட்டோ?” என்றாள் அம்மா. அழுகையோடு சிரித்துவிட்டேன்.

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “போனா போவுது. வாயால சொல்லு, கேக்கறேன்” என்றாள். சொன்னேன். மலையேறும் பஸ்ஸில் பதினாலு வளைவிலும் நீ பயந்துபோய்க் காலால் தரையை அழுத்திக்கொண்டே வந்தாயே, அந்த இடத்தில் நிறுத்தினாள்.

“யாருடி பயந்தது? அந்த மனுசன் பயந்து நீ பாத்துக்கீறியா? டிரைவருக்குத் தொணையா பிரேக் போட்டுக்கினு வந்தாரு. ‘வண்டில நம்ம பசங்க கீதுங்க, அவரு ஒருத்தரு மட்டும் போட்டா போதுமா’ன்னு என்னாண்ட சொன்னாரு.”

இத்தனை வருஷமாக உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்தேனே, ஒரு நாளாவது மறுத்துப் பேசினாயா நீ? அந்த ஒன்பது பக்கமும் பிழைத்திருந்தால், எல்லார் முன்னாலும் அந்தப் பொய்யைத்தான் படித்திருப்பேன். போனதே நல்லது.

அன்றைக்கே புதிதாக ஆரம்பித்தேன். ஒரு எழுத்து அடிக்கும் முன்பே பேர் வைத்தேன்: ‘நைனா போட்ட பிரேக்’. அம்மா சொல்லச் சொல்ல அடித்தேன். பன்னிரண்டு பக்கம் வந்தது. வரிக்கு வரி சேவ் செய்தேன், போதுமா?

திதியன்று உன் ராயப்பேட்டை ஸ்டாண்டு ஆட்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். வளைவு வளைவாகப் படித்தேன். நடுவில் நிமிர்ந்து பார்த்தால், நாற்காலியில் இருந்தவர்கள் எல்லாருடைய வலது காலும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அம்மாவின் காலும்தான். முடித்ததும் தட்டினார்கள் பார் கை, தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். உனக்குக் கேட்டதா?

அடுத்த மாதம் அம்மாவை அதே மலைக்குக் கூட்டிப்போகிறேன். பஸ்ஸில்தான். இந்தத் தடவை நீ ஜன்னலோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டு வா, நைனா. பதினாலு வளைவுக்கும் பிரேக் நான் போடுகிறேன்.

உன் மூத்த பொண்ணு,
கலா